குளிர் தாங்கும் சான்று

அருணகிரிக்குத் தோள்வலி வந்தால் அது ஒரே வழித்தடத்தில்தான் போகும். வலது தோள்பட்டையில் ஏறும், முழங்கையில் கொஞ்சம் நிற்கும், சுண்டுவிரலில் வந்து இறங்கும். பதினெட்டு வருடமாக ரூட் மாறியதில்லை. முட்டுக்காட்டுக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, ஏசுபாதம் என்பவர் நடத்திய ஐஸ் ஃபேக்டரியில் அவர் சுமை தூக்குகிறவர். ஒரு ஐஸ் பார் ஐம்பது கிலோ. முதுகில் சாக்கைப் போட்டு, அதன்மேல் பாரை ஏற்றி, குளிர் அறையிலிருந்து லாரிவரை இருபத்தாறு தப்படி. லாரி நிறைந்ததும் பின்பலகையை உள்ளங்கையால் இரண்டு தட்டு. தட்டினால் டிரைவர் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிடுவான். மீன் கெடாமல் ஊர் போய்ச் சேரும். கெடுவது தோள் மட்டும்தான்.

இரண்டாயிரத்து ஏழாம் வருடம் ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வலி சுண்டுவிரலுக்கு வந்து சேர்ந்திருந்த நேரத்தில், அவர் செங்கல்பட்டில் ஓர் உரக்கடையின் மாடியில் உட்கார்ந்து, அந்த விரலை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். மாடியின் பெயர் அகில உலக உயர்கல்வி வழிகாட்டு மன்றம். படிவத்தின் பெயர் 'தந்தை'. பன்னிரண்டு பக்கம்.

காரணம் அவருடைய மகள். துர்காதேவி செங்கல்பட்டு அரசுக் கல்லூரியில் இயற்பியல் படித்து முதலாவதாக வந்திருந்தாள். பேராசிரியை ஒருவர் அவளை பிரவுசிங் சென்டரில் உட்காரவைத்து லண்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதச் சொன்னார். எழுதினாள். வா என்றார்கள். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் எங்கள் பொறுப்பு, செப்டம்பர் இருபத்து நாலாம் தேதி வகுப்பு, அன்றைக்கு வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு என்று ஒன்றரைப் பக்கத்தில் கடிதம் வந்தது. அந்த ஒன்றரைப் பக்கம்தான் அருணகிரிக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ரேஷன் கார்டில் மகளின் பெயரைச் சேர்க்கவே ஆறு தடவை நடந்தவர் அவர். லண்டனுக்கு ஒன்றரைப் பக்கம் எப்படிப் போதும்?

பேராசிரியையைக் கேட்கலாம் என்றால் அவருக்கு மாற்றல் வந்து திருநெல்வேலிக்குப் போய்விட்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் திருப்போரூர் பஸ்ஸில் ஒரு நோட்டீஸ் கைக்கு வந்தது. 'கோப்பு இல்லாமல் லண்டன் போனவர் எவர்?' என்று பெரிய எழுத்தில் கேட்டிருந்தது. அருணகிரி யோசித்துப் பார்த்தார். கோப்பு இல்லாமல் லண்டன் போன எவரையும் அவருக்குத் தெரியவில்லை. கோப்போடு போன எவரையும்கூடத் தெரியவில்லை. ஆனால் நோட்டீஸ் அதைக் கேட்கவில்லை.

மன்றம் கட்டணம் வாங்குவதில்லை. நன்கொடைதான். அருணகிரியின் மனைவி வேண்டாவின் காதில் கிடந்த கம்மல் நன்கொடையானது. பதிலுக்கு மன்றம் துர்காதேவியின் அசல் மதிப்பெண் பட்டியல்களையும் பாஸ்போர்ட்டையும் லண்டன் கடிதத்தையும் வாங்கி, ஒரு பச்சைக் கோப்பில் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, கோப்புத் திறப்பு விழா நடத்திப் படம் எடுத்தது. கோப்பு எண் இருநூற்றுப் பன்னிரண்டு. அது 'ஆசியா' என்று எழுதிய அலமாரியில் வைக்கப்பட்டது. எதிர்ச் சுவரில் 'ஐரோப்பா' அலமாரி இருந்தது. இடையே ஏழடி தூரம். அந்த ஏழடியைக் கடக்கக் கோப்புக்குப் பதினான்கு கையெழுத்து வேண்டும். கடந்த பிறகுதான் அசல் காகிதங்கள் திரும்பக் கிடைக்கும்.

இயக்குநர் முனைவர் வரதன் விழாவில் உரையாற்றினார்.

"என்மீது நம்பிக்கை வையுங்கள். நான்கு நாடுகள் எனக்கு விசா மறுத்திருக்கின்றன. இந்த மாவட்டத்தில் அந்த அனுபவம் வேறு எந்த ஆலோசகருக்கு இருக்கிறது? போனவனுக்குப் போன வழி ஒன்றுதான் தெரியும். போகாதவனுக்குத்தான் எல்லா வழியும் தெரியும்."

எல்லோரும் கைதட்டினார்கள். அருணகிரியும் இடது கையால் தொடையில் தட்டினார்.

துர்காதேவி மட்டும், காகிதங்களை நேராகச் சென்னையில் விசா அலுவலகத்தில் கொடுத்தால் போதும் என்று கடிதத்தில் போட்டிருக்கிறதே என்று கேட்டாள். வரதன் கோபப்படவில்லை. அவள் தலையில் கை வைத்தார்.

"கெட்டிக்காரப் பெண். உன்னைப் போன்றவர்களால்தான் எங்களுக்குச் சிரமம். கெட்டிக்காரப் பிள்ளைகள் நேராகப் போய்விடுகிறார்கள். எல்லோரும் நேராகப் போனால் நாங்கள் எதற்கு, சொல்?"

அவள் சொல்லவில்லை. மரியாதைக்காகத்தான்.

வியாழக்கிழமைகளில் வகுப்பு. ஓட்டை பஸ்ஸிலிருந்து கழற்றிய இரண்டு சீட்டுகள் மாடியில் போடப்பட்டிருந்தன. அதில் உட்கார்ந்து பெல்ட் போட வேண்டும், ஜன்னல் என்று வரைந்த சுவரைப் பார்த்து வியப்படைய வேண்டும், தருகிற டீயைப் பாதி குடித்துவிட்டு மீதியை வைக்க வேண்டும். மதுராந்தகத்திலிருந்து வந்த ஓர் அரிசி மண்டிக்காரர் மகன் முதல் நாளே தேறிவிட்டான். துர்காதேவி இரண்டு வாரம் தேறவில்லை. டீ குடித்ததும் அவள் தன் தம்ளரோடு பக்கத்திலிருந்தவர்களின் தம்ளர்களையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். 'பயணியின் கண்ணியம் போதாது' என்று கோப்பில் எழுதினார்கள்.

இந்தக் கட்டங்களையெல்லாம் தாண்டித்தான் கோப்பு ஜூலையில் 'தந்தை' படிவத்துக்கு வந்திருந்தது. எதிரே சுஷ்மிதா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வயது இருபத்தொன்று. மேசைமேல் இருந்த பலகையில் 'பன்னாட்டு மாணவர் நலன் மற்றும் கோப்பு நகர்வு அலுவலர்' என்று எழுதியிருந்தது. பலகை மேசையைவிட அரையடி நீளம். முப்பத்தொன்றாவது கட்டத்தில் 'தந்தைக்கு உள்ள கடன்கள், எத்தகையதாயினும்' என்று இருந்தது.

"இல்லைனா இல்லைன்னு போட்டுடுங்க சார். ஆனா இருந்து மறைச்சீங்கன்னா கிரிமினல் கேஸ் ஆயிடும். லண்டன் வரைக்கும் போவும்," என்றாள் சுஷ்மிதா.

அருணகிரிக்குப் பணக் கடன் இல்லை. கொடுக்க யாரும் முன்வந்ததில்லை. ஆனால் ஆனந்தன் இருந்தான்.

ஐஸ் ஃபேக்டரியில் சுமை தூக்குகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் வர முடியாவிட்டால் அவன் டூட்டியை இன்னொருவன் தன் டூட்டியோடு சேர்த்துச் செய்வான். பிறகு ஒரு நாளுக்கு ஒரு நாள் திருப்பித் தர வேண்டும். காசு கொடுத்துத் தீர்க்கக் கூடாது. காசை நீட்டினால் அடுத்த தடவை யாரும் தோள் கொடுக்க மாட்டார்கள். இதை யாரும் எங்கும் எழுதி வைத்ததில்லை. எழுத வேண்டிய தேவையும் வந்ததில்லை. மன்றத்துக்கு நடந்த நாலு நாளும் அருணகிரியின் டூட்டியைப் பார்த்தவன் ஆனந்தன்.

அருணகிரி பேனாவை அழுத்திப் பிடித்து, முப்பத்தொன்றாவது கட்டத்தில் 'ஆனந்தனுக்கு நாலு டூட்டி' என்று எழுதினார்.

சுஷ்மிதா அதை இரண்டு தடவை படித்தாள். எழுந்து உள்ளே போனாள். திரும்பும்போது வரதனோடு வந்தாள்.

"மிஸ்டர் அருணகிரி, பணக் கடன் என்றால் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை," என்றார் வரதன். "அதற்குத் தனிக் கவுண்டரே வைத்திருக்கிறோம். இது உடல் கடன். நாளைக்கு பிரிட்டிஷ் அரசாங்கம், இந்த மனிதர் தோளை அடகு வைத்து மகளை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தால் தேசத்தின் மானம் என்ன ஆகும்?"

"அத அட்ச்சிடலாங்களா சார்?"

அடித்தல் திருத்தல் கூடாது என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. சம்பந்தப்பட்ட ஆனந்தன், கடன் தீர்ந்துவிட்டது என்று கைப்பட எழுதித் தந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

வேண்டா, ஒரு ரிசார்ட்டில் படுக்கை விரிப்புகள் துவைக்கிறவள். அன்று வீட்டில் அவள் துவைத்தது விரிப்பு அல்ல.

"துட்டு கடன் இருந்தா எய்துவாங்க. ஆனந்தன் டூட்டிய எய்துவாங்களா யாராச்சும்? போன தீவாளிக்கி எனக்கு பொடவ வாங்கித் தரேன்னியே, அத எய்தினியா?"

"எத்தகையதாயினும்னு போட்டுகீதே வேண்டா."

"அவன் போடுவான். அவனுக்கு இன்னா, மாடில ஃபேன் ஓடுது."

ஆனந்தன் எழுதித் தரத் தயங்கவில்லை. ஆனால் தீராததைத் தீர்ந்தது என்று எழுத அவனுக்கு மனம் வரவில்லை. நாலு என்றும் எழுத முடியவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமையையும் சேர்த்தால் ஐந்து. 'அண்ணாத்த எனக்கு அஞ்சு டூட்டி தரணும். அவசரம் இல்லை. எப்ப வேணா தரட்டும்' என்று எழுதிக் கைநாட்டு வேண்டாம் என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்தான். அதை எடுத்துக்கொண்டு போன நாளில் கடன் ஆறானது.

மன்றம் கடிதத்தை ஆராய்ந்தது. படிவத்தில் நாலு, கடிதத்தில் ஐந்து, வாய்மொழியாகக் கேட்டால் ஆறு. இது சாதாரணக் கடன் அல்ல, வளரும் கடன் என்று வரதன் கண்டுபிடித்தார். வளரும் கடனுக்குக் கடன் கொடுத்தவர் நேரில் வர வேண்டும்.

நேரில் வருவது என்றால் இரண்டு பேரும் ஒரே நாளில் இல்லாமல் போக வேண்டும். அன்று இருவரின் பாரையும் தர்மராஜ் என்பவன் தூக்கினான். தர்மராஜுக்கு ஆனந்தன் பொறுப்பு, ஆனந்தனுக்கு அருணகிரி பொறுப்பு. ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் ஃபேக்டரி வாசலிலேயே இது அரை நிமிடத்தில் முடிந்தது. கடன் எட்டானது.

ஆனந்தன் சலவை செய்த சட்டை போட்டு, அந்த நீளப் பலகைக்கு முன்னால் நின்றான். கடனைத் தள்ளுபடி செய்ய அவனுக்குச் சம்மதமா என்று வரதன் கேட்டார். தள்ளுபடி செய்தால் இன்றைக்கே ஒரு கையெழுத்து விழும் என்றும் சொன்னார்.

ஆனந்தன் அருணகிரியைப் பார்த்தான். பிறகு வரதனைப் பார்த்தான்.

"எப்டி சார் தள்றது? நாளைக்கி நான் வுழுந்துட்டா இவுரு எந்த மூஞ்ச வச்சிகினு எனக்கு வருவாரு? தள்ளிட்டா நாங்க ரெண்டு பேரும் யாரோ எவுரோ ஆயிடுவோம் சார்."

சுஷ்மிதா இதை எழுதிக்கொண்டாள். 'கடன் கொடுத்தவர் ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று எழுதினாள்.

அப்படியானால் அடைத்துவிட்டு வாருங்கள் என்றது மன்றம். ஆகஸ்டு பிறந்திருந்தது. அருணகிரி அடைக்கத் தொடங்கினார். காலை ஐந்து மணிக்குத் தன் டூட்டி, மதியம் சோற்றைத் தின்றுவிட்டு ஆனந்தன் டூட்டி. முதல் நாள் ஒன்று குறைந்தது. இரண்டாம் நாள் இன்னொன்று. கடன் ஆறுக்கு வந்தது. மூன்றாம் நாள் காலை பாயிலிருந்து எழுந்திருக்க இடது கையை ஊன்றினார், வலது கை அதோடு சேர்ந்து வரவில்லை. இரண்டு நாள் படுத்தே கிடந்தார். இரண்டு நாளும் ஆனந்தன் அவர் டூட்டியைப் பார்த்தான். கடன் எட்டானது.

வேண்டா விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்தாள். துர்காதேவி சுவரில் இருந்த காலண்டரில் செப்டம்பர் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டாள். அந்த வாரம் மட்டும் அவள் அதை எத்தனை தடவை செய்தாள் என்று தெரியாது. தாளின் மூலை கிழிந்துபோயிருந்தது.

அவள் தனியாக மன்றத்துக்குப் போய், கோப்பு வேண்டாம், என் மார்க் ஷீட்டையும் பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். அசல்களைத் திருப்பிப் பெறக் கோப்பு மூடு விழா நடத்த வேண்டும், மூடு விழாவுக்குக் கோப்பு ஐரோப்பாவில் இருக்க வேண்டும், அது இன்னும் ஆசியாவில்தானே இருக்கிறது என்று சுஷ்மிதா பரிதாபத்தோடு சொன்னாள். அவள் மோசமான பெண் இல்லை. அவளுடைய பன்னிரண்டாம் வகுப்பு அசலும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே அலமாரியில்தான் இருந்தது.

பிறகு திடீரென்று மன்றம் இறங்கி வந்தது. எட்டாக இருந்த கடன் அடைத்த பிறகும் எட்டாகவே இருப்பதால் இது நிலைத்த கடன், நிலைத்தன்மை ஐரோப்பியர்கள் மதிக்கும் குணம் என்று வரதன் பதிவு செய்தார். ஒரே நாளில் ஐந்து கையெழுத்து விழுந்தது. மிச்சம் ஒன்றுதான். குளிர் தாங்கும் சான்று.

மன்றம் அனுப்பிய பையன் ஒருவன் போன வருடம் கனடாவிலிருந்து ஒன்பதே நாளில் குளிர் தாங்காமல் திரும்பிவிட்டானாம். அன்றிலிருந்து விதி. மாணவர் இருபது நிமிடம் குளிரில் நின்று, முகமலர்ச்சியோடு மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். சான்றில் இயக்குநர் அதே குளிரில் நின்று கையெழுத்திட வேண்டும். கோப்பும் கூட இருக்க வேண்டும். அதுவும் பழக வேண்டுமல்லவா. ஆகஸ்டு இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை, இடம் 'பனிநிலப் பயிற்சி வளாகம்' என்று சுற்றறிக்கையில் போட்டு வரைபடமும் கொடுத்திருந்தார்கள். அருணகிரி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முட்டுக்காட்டுப் பாலம், பெட்ரோல் பங்க், சவுக்குத் தோப்பு. தினமும் அவர் சைக்கிள் போகிற வழிதான். முடிவில் ஏசுபாதத்தின் ஐஸ் ஃபேக்டரி இருந்தது.

ஞாயிறு காலை ஏசுபாதம் ஆள் அனுப்பி அருணகிரியைக் கூப்பிட்டார். பெரிய மனிதர்கள் வருகிறார்கள், குளிர் அறையில் நடுவே இடம் பண்ணு என்றார். இடம் பண்ணுவது என்றால் நாற்பது பாரை வெளியே லாரியில் ஏற்றுவது. கை முழுதாகச் சரியாகாததால் ஆனந்தனும் வந்து பிடித்தான். கடன் ஒன்பது.

பத்து மணிக்கு வேனில் வந்தார்கள். வரதன் கோட்டு அணிந்திருந்தார். ஏழு மாணவர்கள். துர்காதேவியைத் தவிர ஆறு பேரும் குரங்குக் குல்லாவும் இரண்டு ஸ்வெட்டரும் போட்டு வியர்த்துக்கொண்டு நின்றார்கள். கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து வந்த ஹரிப்ரியாவுக்கு அவளுடைய அப்பா ஃப்ளாஸ்க்கில் சூப் கொடுத்து அனுப்பியிருந்தார். துர்காதேவி சாதாரண சுடிதாரில் வந்திருந்தாள். ஏழு வயதிலிருந்து அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்தக் குளிர் அறையில்தான் பாருக்குப் பார் தாவி விளையாடியவள். கோப்புகள் ஒரு தகரப் பெட்டியில் வந்தன.

கனமான கதவு திறந்தது. புகை போல் குளிர் வெளியே வந்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். வரதன் ஓர் ஐஸ் பாரின் முன்னால் நின்று உரையைத் தொடங்கினார்.

"மாணவச் செல்வங்களே, குளிர் என்பது உடலில் இல்லை. மனத்தில் இருக்கிறது. மன உறுதி உள்ளவனுக்கு…"

அதற்குமேல் மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் தனியாகப் பேசிக்கொண்டன. இரண்டாவது நிமிடத்தில் அவர் கோட்டின் பொத்தான்களைப் போட்டார். மூன்றாவது நிமிடத்தில் துர்காதேவியிடம் முதல் கேள்வியைக் கேட்டார். இங்கிலாந்தின் தட்பவெப்பம் எத்தகையது என்பது கேள்வி. இதைவிடக் கம்மி சார் என்றாள். நாலாவது நிமிடத்தில், இருபது நிமிடம் ஆகிவிட்டது என்று அறிவித்துக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். பேனா எழுதவில்லை. உதறினார். ஊதினார். அக்குளில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தார். விதிப்படி குளிரில்தான் கையெழுத்து. விதிப்படி மன்றத்தின் பச்சை மைப் பேனாவால்தான் கையெழுத்து. பச்சை மை வரவே இல்லை.

"தே… தேதி பின்னர் அறிவிக்கப்படும்," என்றார் வரதன். "அடுத்த பயிற்சி ந… நவம்பரில்."

நவம்பர் என்ற சொல் துர்காதேவிக்கு மட்டும் குளிராகப் பட்டது.

வரதன் கதவை நோக்கிப் போனார். போகிற போக்கில், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓரமாக நின்ற ஒரு கூலிக்காரரைப் பார்த்து, தகரப் பெட்டியைக் காட்டினார்.

"இந்தாப்பா. இதைத் தூக்கி வெளியே வை."

அருணகிரியை அவர் ஏழு தடவை சந்தித்திருந்தார். ஏழு தடவையும் அருணகிரி சட்டை போட்டிருந்தார்.

அருணகிரி குனிந்து பெட்டியை இடது தோளில் ஏற்றினார். ஐஸ் பாரைவிட லேசாகத்தான் இருந்தது. வரதன் ஆபீஸ் அறையில் போய் ஏசுபாதம் கொடுத்த டீயைப் பாதியில் வைக்காமல் முழுக்கக் குடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வெயிலில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வை என்றால் அருணகிரிக்குப் பதினெட்டு வருடமாக ஒரே இடம்தான். இருபத்தாறு தப்படி நடந்து லாரியில், நாற்பது பாருக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தார். பின்பலகையை ஏற்றிக் கொண்டி போட்டார். தட்டக் கையைத் தூக்கினார். அப்போதுதான் தோளிலிருந்து இறக்கியது என்ன என்று அவருக்கு உறைத்தது. தூக்கிய கை அப்படியே நின்றது.

துர்காதேவி முன்பக்கம் போய் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"நைனா. தட்டு."

அருணகிரி தட்டினார். இரண்டு தட்டு. டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை.

லாரி மாமல்லபுரம் போய்ச் சேர்வதற்குள், அது பெட்டியோடு போவதை வெயிலில் நின்று பார்த்த ஹரிப்ரியாவுக்கு விஷயம் புரிந்து, அவள் மூலம் மற்ற ஐந்து பேருக்கும் தெரிந்துவிட்டது. பின்னாலேயே பஸ் பிடித்து வந்தார்கள். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் துர்காதேவி பெட்டியைத் திறந்து அவரவர் அசல்களை அவரவர் கையில் கொடுத்தாள். மதுராந்தகத்துப் பையன் மட்டும், மூடு விழா இல்லாமல் வாங்கலாமா என்று தயங்கி, பிறகு வாங்கிக்கொண்டான். அடியில் சுஷ்மிதாவின் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டும் இருந்தது. அதைத் தபாலில் அவள் வீட்டு முகவரிக்கு அனுப்பினாள். அசல்கள் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் இருந்ததால் ஐஸ் தண்ணீர் படவில்லை. மன்றம் எழுதிய தாள்கள்தான் ஊறிக் கூழாகியிருந்தன. அவற்றைச் சிந்தாமல் பச்சைக் கோப்புகளோடு பெட்டியில் மூடி, அன்று மாலையே அதே லாரியில் மன்றத்துக்கு ஒப்படைத்தார்கள். சுஷ்மிதா பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை.

விசா அலுவலகத்துக்கு அருணகிரியும் மகளோடு சென்னைக்குப் போனார். கடன் பத்து. அங்கே பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். பல்கலைக்கழகக் கடிதத்தைக் கேட்டார்கள். மார்க் ஷீட்டைப் பார்த்தார்கள். கோப்பு எண்ணை யாரும் கேட்கவில்லை. டீத் தம்ளரை யார் கழுவியது என்று கேட்கவில்லை. ஆனந்தனைப் பற்றியும் ஒருவரும் கேட்கவில்லை. அது அருணகிரிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. கேட்டால் சொல்வதற்குத் தயாராகத்தான் போயிருந்தார்.

செப்டம்பர் இருபத்தொன்று, மீனம்பாக்கம். வேண்டா ஒரு பொட்டலம் கருவாட்டுப் பொடியை மகளின் பைக்குள் திணித்துக்கொண்டே, உள்ளே போய் எவன் எந்தக் காயிதம் கொடுத்தாலும் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிடாதே, உங்கப்பன் புத்தி உனக்கு வேண்டாம் என்றாள். துர்காதேவி சிரித்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் போய்த் திரும்பிப் பார்த்துக் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

கடன் பதினொன்று.

நவம்பரில் செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் வந்தது. 'எமது குளிர்ப் பயிற்சியில் தேறி லண்டன் மாநகரில் கொடி நாட்டிய செல்வி துர்காதேவி.' படம் கோப்புத் திறப்பு விழாவில் எடுத்தது. கூட நின்ற அருணகிரியை வெட்டியிருந்தார்கள். வெட்டு சரியாக விழாததால் அவள் தோள்மேல் ஒரு கை மட்டும் தங்கியிருந்தது. சுண்டுவிரல் தூக்கியபடி.

அதே வாரம் ஒரு பதிவுத் தபாலும் வந்தது. கோப்பு எண் இருநூற்றுப் பன்னிரண்டு இன்னும் ஆசியாவிலேயே இருப்பதால், மன்றத்தின் பதிவேடுகளின்படி மாணவி இதுவரை புறப்படவில்லை. பதினான்காவது கையெழுத்தும், கட்டம் முப்பத்தொன்றும் நிலுவையில் உள்ளன. கடனின் இன்றைய நிலையை நேரில் தெரிவிக்க, தந்தை உடனடியாகச் செங்கல்பட்டுக்கு வர வேண்டும். ஒப்பம், முனைவர் வரதன். பச்சை மை இந்தத் தடவை நன்றாகவே எழுதியிருந்தது.

அருணகிரி கடிதத்தை ஃபேக்டரிக்கு எடுத்துப்போய் ஆனந்தனிடம் படிக்கக் கொடுத்தார். ஆனந்தன் படித்துவிட்டு, போகிறதாக இருந்தால் போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். போனா பன்னண்டு ஆயிடும்டா என்றார் அருணகிரி. இருவரும் சிரித்தார்கள். சிரித்தால் அவருக்குத் தோள் வலித்தது.

அப்போது ஆனந்தனின் செல்போன் அடித்தது. நீளமான நம்பர். துர்காதேவிதான். ஐஸ் ரூம் எவ்வளவோ தேவலை நைனா, அங்கே காற்று கிடையாது, இங்கே காற்றும் கூட வருகிறது என்றாள். சாப்பாடு சப்பென்று இருக்கிறது, அம்மா கொடுத்த பொடி தீர்ந்துவிட்டது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஆனந்தன் சித்தப்பாவுக்கு எத்தினி ஆச்சு?"

"அதெல்லாம் உனுக்கு எதுக்கு? படிக்கிற வேலையப் பாரு."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அருணகிரி சாக்கை எடுத்து முதுகில் போட்டுக்கொண்டார். வலது தோளில் ஏற்ற முடியவில்லை. இடது தோளுக்கு மாற்றிக்கொண்டார். வெளியே லாரி வந்து நின்றது. அது ஆனந்தனுடைய டூட்டி லாரி. ஆனந்தன் எழுந்திருக்கப் பார்த்தான். உட்காரு என்று சைகை காட்டினார்.

அந்தத் தோளால் ஒரு நாளில் அரை டூட்டிதான் ஓடியது. மாலையில் எண்ணிப் பார்த்தார். ஆனந்தனுக்கு இன்னும் பத்தரை டூட்டி பாக்கி.